கோபுரம் எந்தப் பக்கம் பார்க்கிறது?

எங்கள் கிராமத்தில் முன்பள்ளிக்கு நாற்பது மீற்றர் தள்ளியுள்ள ஒரு காணியில் தொலைத்தொடர்புக் கோபுரம் ஒன்று எழும்பத் தொடங்கியது. அத்திவாரம் வெட்டி, கொங்கிறீற் போட்ட பிறகுதான் சனத்துக்கு விசயம் தெரிய வந்தது. சனசமூக நிலையத்தில் கூட்டம் கூடியது. நிறைய வருடங்கள் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்தவன் என்பதால் என்னையும் கூப்பிட்டு முன்வரிசையில் இருத்தினார்கள்.

நிறுவனத்தின் சார்பில் வந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். "பயப்பட ஒன்றுமில்லை, எல்லாம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கு" என்றார். "அந்த அளவு எவ்வளவு தம்பி?" என்று ஒருவர் கேட்டார். இளைஞரிடம் பதில் இல்லை. பிறகு ஆளாளுக்கு எழும்பினார்கள். நூறு மீற்றர் தள்ளி வைத்தால் சரியா, இருநூறு மீற்றர் வேண்டுமா என்று வாக்குவாதம் போனது. கடைசி வரிசையில் குழந்தையோடு இருந்த ஒரு தாய் மட்டும் வேறு ஒன்றைக் கேட்டார்: "சேர், அது எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு நிக்கப்போகுது?"

சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைய கூட்டத்தில் கேட்கப்பட்ட கேள்விகளில் பௌதிகவியலுக்கு மிகக் கிட்ட நின்ற கேள்வி அதுதான். ஒளியாக இருந்தாலும் றேடியோ அலையாக இருந்தாலும், ஒரு மூலம் மொத்தமாக எவ்வளவு வலுவை வெளிவிடுகிறது என்பது அரைக் கதை. அந்த வலு எந்தத் திசையில் எவ்வளவு போகிறது என்பதில்தான் மீதிக் கதை இருக்கிறது. கூட்டத்தில் அவசரமாகச் சொன்னதை ஆறுதலாக எழுதி வைத்தால், இதே பிரச்சினையோடு நிற்கும் மற்றக் கிராமங்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

பரா வெளிச்சமும் தேடொளியும்

எங்கள் சனத்துக்கு இதை விளங்கப்படுத்தப் புத்தகத்தில் உதாரணம் தேடத் தேவையில்லை. இரவில் வானத்தில் பரா வெளிச்சம் போட்டால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வளவு, வேலி, பங்கர் வாசல் என்று எல்லாம் ஒரேயடியாகத் தெரியும். அந்த வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிந்துகிறது. கடலில் ரோந்துப் படகின் தேடொளி வேறு மாதிரி. அது ஒரு கோடு போல நீண்டு வரும். அதற்குள் அகப்பட்டவருக்குக் கண் கூசும். பத்தடி தள்ளி நிற்பவர் இருட்டில்தான் நிற்பார்.

இரண்டு விளக்கும் ஒரே அளவு ஒளியை வெளிவிடுவதாக வைத்துக்கொண்டாலும், அகப்பட்டவருக்கு அவை ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை எண்ணால் சொல்லும் அளவுதான் கதிர்ப்புச் செறிவு. ஒரு குறிப்பிட்ட திசையில், ஒரு குறிப்பிட்ட அகலமுள்ள கூம்புக்குள் எத்தனை வாட் வலு போகிறது என்பதை அது சொல்கிறது.

கூம்பின் அகலத்தை எப்படி அளப்பது? தாளில் வரையும் கோணத்தைப் பாகையில் அளக்கிறோம். எல்லாப் பக்கமும் விரியும் கூம்பின் கோணத்துக்குத் திண்மக்கோணம் என்று பெயர், அலகு ஸ்டெரேடியன். ஒரு மீற்றர் ஆரையுள்ள பெரிய பந்து ஒன்றின் நடுவில் விளக்கை வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பந்தின் மேற்பரப்பில் ஒரு சதுர மீற்றர் துண்டு ஒன்றை வெட்டினால், நடுவில் இருந்து அந்தத் துண்டைப் பார்க்கும் கூம்பு ஒரு ஸ்டெரேடியன். முழுப் பந்தின் மேற்பரப்பு 4π, அதாவது ஏறத்தாழ 12.57 சதுர மீற்றர். ஆகவே எல்லாத் திசையும் சேர்ந்தால் 12.57 ஸ்டெரேடியன்.

இப்போது கணக்கு இலகு. 1000 லூமன் ஒளி தரும் மின்குமிழ் எல்லாப் பக்கமும் சமமாகச் சிந்தினால், ஒரு ஸ்டெரேடியனுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 80 லூமன். அதே 1000 லூமனைத் தெறிப்பி வைத்துப் பத்துப் பாகை அகலமான கூம்புக்குள் அடைத்தால், ஒரு ஸ்டெரேடியனுக்குச் சுமார் 42,000 லூமன். மின்குமிழ் மாறவில்லை, பற்றறி மாறவில்லை. ஒரு திசையின் செறிவு ஐந்நூறு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. மற்றத் திசைகளில் இருந்து எடுத்துத்தான் இந்தத் திசைக்குக் கொடுத்திருக்கிறது. புதிதாகச் சக்தி எதுவும் பிறக்கவில்லை.

கடையில் ரோச் லைற் வாங்கும்போதும் இது உதவும். பெட்டியில் லூமன் என்று போட்டிருந்தால் அது மொத்த ஒளி. கன்டெலா என்று போட்டிருந்தால் அது கதிரின் நடுவில் உள்ள செறிவு. முற்றம் முழுக்க வெளிச்சம் வேண்டுமென்றால் முதலாவதைப் பாருங்கள். தூரத்தில் வயலுக்குள் நிற்கும் மாட்டைத் தேடுவதென்றால் இரண்டாவதைப் பாருங்கள்.

மெழுகுதிரியில் தொடங்கிய அளவீடு

கன்டெலா என்பது இலத்தீன் மொழியில் மெழுகுதிரி. பெயர் சும்மா வந்ததல்ல. 1860 ஆம் ஆண்டு இலண்டன் வாயு விளக்குகளுக்கான சட்டத்தில், ஒளியை எதனோடு ஒப்பிட வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். திமிங்கிலத்தின் தலையில் இருந்து எடுத்த மெழுகில் செய்த, ஆறில் ஒரு இறாத்தல் நிறையுள்ள, மணிக்கு 120 கிறெய்ன் எரியும் மெழுகுதிரி. 120 கிறெய்ன் என்பது எட்டுக் கிராமுக்குச் சற்றுக் குறைவு. 1884 இல் ஜெர்மனியில் ஹெஃப்னர் என்பவர் சுவாலை 40 மில்லிமீற்றர் உயரம் நிற்கும் ஒரு விளக்கை அளவுகோலாக அமைத்தார். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு மெழுகுதிரி என்ற குழப்பம் நெடுங்காலம் நீடித்தது.

1979 இல் கன்டெலாவுக்குப் புதிய வரைவிலக்கணம் கொடுத்தார்கள். 540 இலட்சம் கோடி ஹேட்ஸ் மீடிறனுள்ள பச்சை ஒளி, ஒரு திசையில் ஒரு ஸ்டெரேடியனுக்கு 683 இல் ஒரு பங்கு வாட் என்ற அளவில் போனால், அந்தத் திசையில் ஒளிச்செறிவு ஒரு கன்டெலா. 683 என்ற விசித்திர எண் ஏன் வந்தது? புதிய அலகு பழைய அலகோடு ஒத்துப்போகத்தான். சாதாரண மெழுகுதிரி ஒன்று இன்றைக்கும் ஏறத்தாழ ஒரு கன்டெலாதான். கன்டெலா மனிதக் கண்ணின் உணர்வையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத றேடியோ அலைக்கு அது பொருந்தாது. அங்கே வெறுமனே ஸ்டெரேடியனுக்கு எத்தனை வாட் என்று சொல்லுவோம்.

கருவி இல்லாத காலத்தில் இதை எப்படி அளந்தார்கள்? ஜெர்மன் விஞ்ஞானி புன்சனின் முறை மிக எளிமையானது. வெள்ளைத் தாளின் நடுவில் ஒரு பொட்டு எண்ணெய் தடவினார். தாளின் ஒரு பக்கம் அளவுகோல் விளக்கு, மறுபக்கம் அளக்க வேண்டிய விளக்கு. ஒரு பக்கம் வெளிச்சம் கூடினால் எண்ணெய்ப் பொட்டு இருண்டோ வெளுத்தோ தெரியும். இரண்டு பக்கமும் சமமானால் பொட்டு ஏறத்தாழ மறைந்துபோகும். அந்த நிலையில் இரண்டு விளக்குகளின் தூரத்தையும் அளந்தால் போதும்.

90 களில் மின்சாரம் இல்லாத வகுப்பறையில் இந்தப் பரிசோதனையைத் தேங்காயெண்ணெய்ப் பொட்டு வைத்த கொப்பித் தாளில் செய்து காட்டியிருக்கிறேன். ஒரு பக்கம் மெழுகுதிரி. மறுபக்கம் அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்த யாம் போத்தல் விளக்கு. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் பொன் விலை விற்றபோது, போத்தலின் அடியில் கொஞ்ச எண்ணெயும் பஞ்சுத் திரியுமாகச் சனம் கண்டுபிடித்த விளக்கு அது. மெழுகுதிரி 50 சென்ரிமீற்றரிலும் யாம் போத்தல் 35 சென்ரிமீற்றரிலும் நின்றபோது பொட்டு மறைந்தது. தூரங்களின் விகிதத்தை வர்க்கித்தால் 0.49. அரை மெழுகுதிரி! "அரை மெழுகுதிரி வெளிச்சத்திலயா சேர் நாங்கள் சோதினைக்குப் படிக்கிறம்?" என்று ஒரு மாணவி கேட்டது இன்னும் காதில் நிற்கிறது.

தூரத்தை ஏன் வர்க்கிக்க வேண்டும்? கூம்பு விரிந்துகொண்டே போகிறது. இரண்டு மடங்கு தூரத்தில் அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவுகிறது. மூன்று மடங்கு தூரத்தில் ஒன்பது மடங்கு பரப்பு. இதுதான் நேர்மாறு வர்க்க விதி. இங்கே இரண்டு அளவுகளைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். கதிர்ப்புச் செறிவு விளக்கின் குணம், நீங்கள் தள்ளிப் போவதால் அது மாறாது. உங்கள் உடம்பில் ஒரு சதுர மீற்றருக்கு எத்தனை வாட் விழுகிறது என்பது வலு அடர்த்தி. அது செறிவைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது. கோபுரப் பிரச்சினையைத் தீர்ப்பது இந்த இரண்டாவது அளவு. ஆனால் முதலாவது தெரியாமல் இரண்டாவதைக் கணக்கிட முடியாது.

அன்ரனாவும் ஒரு தேடொளிதான்

வீட்டுக் கூரையில் தொலைக்காட்சி அன்ரனாவைத் திருப்பித் திருப்பி "இப்ப தெளிவா? இப்ப?" என்று கத்திய அனுபவம் எங்களில் பலருக்கு உண்டு. இந்தியத் தூரதர்ஷன் வேண்டுமென்றால் ஒரு பக்கம், ரூபவாஹினி வேண்டுமென்றால் இன்னொரு பக்கம். குறுக்குக் கம்பிகள் வரிசையாக உள்ள அந்த அன்ரனாவை 1926 இல் ஜப்பானியர்களான உடாவும் யாகியும் உலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள். ஒரு திசையில் இருந்து நன்றாக வாங்கும் அன்ரனா, அதே திசையில்தான் நன்றாக அனுப்பும். இது பௌதிகவியலின் உறுதியான விதி.

அன்ரனாவின் திசைக் குணத்தை அளக்கும் முறை புன்சனின் முறைக்குத் தூரத்து உறவு. எதிரொலிப்பு இல்லாதபடி சுவரெல்லாம் அலையை உறிஞ்சும் பொருள் ஒட்டிய அறையில், சுழலும் மேடை ஒன்றில் அன்ரனாவை ஏற்றுவார்கள். எதிரே குணம் தெரிந்த அளவுகோல் அன்ரனா நிற்கும். பாகை பாகையாகச் சுழற்றி, ஒவ்வொரு திசையிலும் எவ்வளவு என்று குறிப்பார்கள். வரும் படம் பெரிய ஒரு இதழும் பக்கத்தில் சின்னச் சின்ன இதழ்களுமாகப் பூப்போல இருக்கும். பெரிய இதழின் உச்சியில் உள்ள செறிவு, எல்லாப் பக்கமும் சமமாகச் சிந்தியிருந்தால் கிடைத்திருக்கும் செறிவைப் போல எத்தனை மடங்கு என்பதே அன்ரனாவின் நயம்.

இனி எங்கள் கோபுரத்துக்கு வருவோம். தொலைபேசிக் கோபுரத்தின் உச்சியில் நீளப் பலகை போல நிற்பவைதான் அன்ரனாக்கள். வழமையாக மூன்று பக்கம் பார்த்து நிற்கும், ஒவ்வொன்றும் 120 பாகையைக் கவனிக்கும். கிடையாக அகலமாகவும், மேலும் கீழுமாக ஏழெட்டுப் பாகைக்குள் ஒடுங்கியும் கதிரை வீசும். தோசையைச் சரித்துப் பிடித்தது போல, சில பாகை நிலத்தை நோக்கிச் சாய்த்து வைப்பார்கள்.

ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். ஒரு அன்ரனாவுக்கு 20 வாட் வலு, நயம் 50 மடங்கு. இவை இத்தகைய கோபுரங்களில் சாதாரணமான எண்கள். எல்லாப் பக்கமும் சிந்தினால் ஸ்டெரேடியனுக்கு 1.6 வாட், நயத்தோடு 80 வாட். இது கதிரின் நடுத்திசையில் மட்டும். அன்ரனா 30 மீற்றர் உயரத்தில் ஆறு பாகை சாய்ந்து நின்றால், நடுக்கதிர் நிலத்தைத் தொடுவது சுமார் 285 மீற்றருக்கு அப்பால். அங்கே விழும் வலு அடர்த்தி சதுர மீற்றருக்கு 0.001 வாட் அளவில் இருக்கும்.

முன்பள்ளி 40 மீற்றர் தள்ளி இருக்கிறது. அன்ரனா 30 மீற்றர் உயரம். பைதகரசின் கணக்குப்படி அன்ரனாவில் இருந்து முற்றத்துக்குத் தூரம் 50 மீற்றர். ஆனால் முற்றம் நடுக்கதிருக்கு வெகு கீழே இருக்கிறது. அந்தத் திசையில் செறிவு நடுக்கதிரின் நூறில் ஒன்று என்று எடுத்தால், சதுர மீற்றருக்கு 0.0003 வாட். அதாவது இந்தக் கணக்கில் முன்பள்ளியை விட, ஏழு மடங்கு தூரத்தில் உள்ள வீட்டுக்குத்தான் மூன்று மடங்கு கூடுதலாக விழுகிறது. நூறு மீற்றரா இருநூறு மீற்றரா என்று நாங்கள் அன்று பட்ட சண்டையின் நிலை இதுதான்.

எங்கே கவனம் வேண்டும்? அன்ரனாவின் உயரத்திலேயே, அதன் நேர் முன்னால். யாழ்ப்பாணம், வவுனியா போன்ற நகரங்களில் கட்டடக் கூரைகளில் அன்ரனா நிற்பதுண்டு. எதிரே இருபது மீற்றரில் அதே உயரத்தில் ஒரு மேல்மாடி இருந்தால், ஒரு அன்ரனாவில் இருந்தே சதுர மீற்றருக்கு 0.2 வாட் வரை போகலாம். முன்பள்ளி முற்றத்தை விட அறுநூறு மடங்குக்கு மேல். கிராமத்துக் கோபுரத்துக்குப் பயந்து நகரத்து மேல்மாடி அறைக்குப் போனால், சில வேளை கதிருக்குக் கிட்டப் போனதாகவே முடியும்.

அனுமதித்த அளவு எவ்வளவு?

அந்த இளைஞர் சொல்லாத எண் இதுதான். அயனாக்கமற்ற கதிர்ப்புப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழுவின் வழிகாட்டியில், 900 மெகாஹேட்ஸ் அலைக்குப் பொதுமக்களுக்கான எல்லை சதுர மீற்றருக்கு 4.5 வாட். 1800 மெகாஹேட்ஸில் 9 வாட், 2000 மெகாஹேட்ஸுக்கு மேல் 10 வாட். உடல் சூடாவதால் பாதிப்புத் தொடங்கும் மட்டத்தில் இருந்து ஐம்பது மடங்கு குறைத்து இந்த எல்லையை வைத்திருக்கிறார்கள். எங்கள் மாதிரிக் கணக்கில் பத்து ஒலிபரப்பிகள் சேர்ந்தாலும் முன்பள்ளியில் 0.003 வாட். எல்லைக்கு ஆயிரத்து ஐந்நூறு மடங்கு கீழே.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011 இல் றேடியோ அலைகளை '2பி' பிரிவில் சேர்த்தது. புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்க இடமுண்டு, ஆனால் சான்று மட்டுப்பட்டது என்பது அதன் பொருள். அந்த முடிவுக்குப் பெரிதும் அடிப்படையானது கோபுரமல்ல, காதோடு வைத்துப் பேசும் கைத்தொலைபேசி. தூரத்தின் வர்க்கத்தை நினைத்தால் காரணம் விளங்கும். இன்னொன்று: கோபுரம் தூரத்தில் இருந்து சிக்னல் குறைந்தால், கைத்தொலைபேசி தன் வலுவைக் கூட்டித்தான் பேசும். சிக்னல் குறைந்த இடத்தில் நீண்ட நேரம் பேசுவதானால் போனைக் காதில் இருந்து தள்ளிப் பிடியுங்கள்.

என்ன கேட்க வேண்டும்?

நான் போட்டது மாதிரிக் கணக்கு. பக்க இதழ்கள் அன்ரனாவுக்கு அன்ரனா மாறும். தகரக் கூரையில் அலை தெறிக்கும். ஆகவே கணக்கு அளவீட்டுக்கு ஈடாகாது. எங்கள் கூட்டத்தின் முடிவில் கடிதம் ஒன்றில் நான்கு கேள்விகளை எழுதினோம்.

ஒன்று, ஒவ்வொரு அன்ரனாவும் வடக்கில் இருந்து எத்தனை பாகையில் பார்க்கும், நிலத்தை நோக்கி எத்தனை பாகை சாயும்?

இரண்டு, அன்ரனாவின் உயரம் எவ்வளவு, எந்த மீடிறன்கள், நடுத்திசையில் வீசும் பயனுறு வலு எவ்வளவு?

மூன்று, கோபுரம் இயங்கத் தொடங்கிய பிறகு முன்பள்ளி முற்றத்திலும் 300 மீற்றர் சுற்றிலுள்ள வீடுகளிலும் யார், எப்போது அளப்பார்கள்? சனம் கூடுதலாகப் பேசும் மாலை நேரத்தில், முப்பது நிமிடச் சராசரியாக, மீடிறன் மீடிறனாகப் பிரித்துக் காட்டும் கருவியால் அளக்க வேண்டும்.

நான்கு, பிறகு புதிய அன்ரனா ஏற்றினால் மீண்டும் அளப்பார்களா?

அரச அலுவலகங்களிடம் உள்ள ஆவணங்களை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத்தில் கேட்டு, கிடைத்ததற்கான பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

சனம் விஞ்ஞானம் தெரியாமல் பயப்படுகிறது என்று சிலர் ஏளனமாகச் சொல்கிறார்கள். எங்கள் காணிகளில் எங்களைக் கேட்காமல் வேலி போட்டார்கள், காவலரண் போட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்ட இடங்களில் என்ன நடந்தது என்பதும் எங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட சனத்துக்கு "அளவுக்குள்தான் இருக்கு" என்ற ஒரு வசனம் போதாது. எண் வேண்டும், அந்த எண்ணை அளந்தவர் யாரென்று தெரிய வேண்டும்.

எங்கள் கடிதத்துக்கு ஒரு பக்கப் பதில் வந்திருக்கிறது. மூன்று திசைகளும் சாய்வும் உயரமும் எழுதியிருக்கிறார்கள். பதிலைக் கொண்டுபோய் முன்பள்ளி முற்றத்தில் திசையறிகருவியோடு நின்று பார்த்தோம். நடுக்கதிர்களில் ஒன்று முன்பள்ளியின் பக்கம் பார்த்தாலும், அது பிள்ளைகளின் தலைக்கு மேலே இருபது மீற்றருக்கும் கூடிய உயரத்தில் போகும். அந்தத் தாயும் வந்து பார்த்தார். தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அளந்தது இதில இல்லையே சேர்" என்றார். உண்மைதான். மூன்றாவது, நான்காவது கேள்விகளுக்குப் பதில் இல்லை. இரண்டாவது கடிதத்தை அவரே எழுதினார், நான் எழுத்துப் பிழை மட்டும் பார்த்துக் கொடுத்தேன்.